அப்பாவின் மார்பில் தழும்பு இல்லை

என் அப்பாவின் மார்பில் தழும்பு கிடையாது. ரெஜினாவின் அப்பாவுக்கு இருக்கிறது. கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை தடித்த கோடாக இறங்கும். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் மாரடைப்பு வந்தது. தென்னூரில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடந்தார்கள். அவர் மெட்ராஸ் போய் ஆப்பரேஷன் செய்துகொண்டார். என் அப்பா மாத்திரை டப்பாவோடு உறையூருக்குத் திரும்பினார். அந்தத் தழும்பு இல்லாததை வெகுநாள் ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யார் வீட்டிலாவது இதே முடிவை எடுக்க வேண்டி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். அதனால் எனக்கு நல்ல பெயர் தராத விஷயங்களையும் விட்டுவிட முடியவில்லை.

அப்பா கொத்தனார். அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிவீட்டுக்கு வெளிப்பூச்சு வேலை. மத்தியானம் சாரத்தின் மேல் நிற்கும்போது நெஞ்சின் நடுவில் யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்திருக்கிறது. இடது கை முழங்கை வரை மரத்துப்போய்விட்டது. வாய்வுதான் என்று சித்தாள் ஒரு கோலி சோடா வாங்கி வந்து கொடுத்தாளாம். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. அப்பா இறங்கவில்லை. பாதிச் சுவரோடு பூச்சை விட்டுவிட்டால் மறுநாள் தொடரும் இடத்தில் ஒட்டு தெரியும். மூலை வரை பூசி முடித்து, கரண்டியைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டு, டவுன் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்னொரு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. அது சிமெண்ட் என்றே முதலில் நினைத்தேன்.

நான் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது நான். பி.எஸ்ஸி. முடித்து, அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா, "பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். நான் ஆட்டோக்காரரிடம் தென்னூர் என்றேன். என் சம்பளத்தில் அப்பாவைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியும் என்று காட்ட எனக்கு அந்த நேரத்திலும் ஆசை இருந்தது.

மார்பிலும் கைகால்களிலும் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. டாக்டர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதயமும் ஒரு சதைதாம்மா. அதுக்கும் ரத்தம் வேணும். அதைக் கொண்டு போற குழாய் மூணு இருக்கு. உங்க அப்பாவுக்கு அதுல ஒண்ணு அடைச்சிருக்கு. அந்தக் குழாயை நம்பி இருந்த சதையில கொஞ்சம் செத்துப் போச்சு. எத்தனை மணிக்கு வலி வந்துச்சு?"

"மத்தியானம்" என்றேன்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணாரு?"

"பூச்சு வேலை."

அவர் காகிதத்தின் ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

முதல் மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். அப்பா எழுந்து உட்காரக்கூடக் கூடாது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், தலைமாட்டில் துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி, உப்பில்லாத கஞ்சி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். படுத்தபடியே பெட்பேனில் போக வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு, தன் புடவையை அவிழ்த்து இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கும் குறுக்கே கட்டி மறைத்தாள் என்று பிறகு நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். பாவாடையோடு நின்றாளாம்.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "கலை! நீயாடி?" என்றாள்.

ரெஜினா என் கல்லூரித் தோழி. வகுப்பில் நான் முதல், அவள் இரண்டாவது. பிறகு அவள் எம்.எஸ்ஸி. படிக்க மெட்ராஸ் போனாள். நான் வேலைக்கு மனுப் போட்டேன். அவளிடம் குறை சொல்ல எதுவும் கிடையாது. அதுதான் கஷ்டம். நாங்கள் வார்டுக்கு வந்த அன்றே தன் பிளாஸ்கிலிருந்து அம்மாவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் சர்ச்சிலிருந்து பாதிரியார் வந்து ஜெபம் செய்தபோது, திரையை விலக்கி என் அப்பாவுக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அவர்கள் மேஜையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், புதுத் துண்டு. எங்கள் மேஜையில் தூக்குவாளி. இதெல்லாம் பெரிதில்லை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் படித்திருந்தேன். தாங்க முடியாமல் போனது வேறு ஒன்று. டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் பேசினார். திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் தமிழுக்கு மாறினார். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார். மறுபடியும் இங்கிலீஷில் கேட்டேன்.

"உங்களுக்குப் புரியும்னு தெரியும்மா" என்றார். "உங்க அப்பாவும் கேக்கணும்னுதான் தமிழ்ல சொல்றேன். உடம்பு அவருது."

திரைக்கு அப்பால் ஆரஞ்சு உரிக்கும் சத்தம் நின்றது. என் காது சுட்டது.

ரெஜினாவின் அப்பாவுக்கு ஒருநாள் படுத்திருக்கும்போதே மறுபடி வலி வந்தது. அடுத்த நாளும் வந்தது. மெட்ராஸுக்கு அனுப்ப முடிவாயிற்று. அங்கே முதலில் ஆஞ்சியோகிராம். தொடையில் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, இதயம் வரை தள்ளி, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு அடைப்பு என்று அதில் தெரியும். தேவைப்பட்டால் அடுத்து பைபாஸ். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்துப் புது வழி செய்வது. அதற்கு மார்பெலும்பை நடுவில் அறுத்துத் திறக்க வேண்டும். அந்த நாளில் திருச்சியில் இரண்டுக்குமே வசதியில்லை. ரெஜினாவின் சித்தப்பா மெட்ராஸில் இருந்தார். ஒரு டிரங்க் காலில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

ஆம்புலன்ஸ் ஏறும் முன் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றாள். "எல்லாம் சரியாயிடும், போயிட்டு வா" என்றேன். மனதுக்குள் ஓடியது இது: இவள் அப்பாவுக்குப் புதுக் குழாய், என் அப்பாவுக்குப் பழைய குழாயும் மாத்திரையும்.

அன்று சாயங்காலம் டாக்டரிடம், "எங்க அப்பாவுக்கும் மெட்ராஸுக்கு லெட்டர் கொடுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை அப்பாவின் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை நினைவிருக்கிறபடி தருகிறேன்.

"ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு மெட்ராஸ். ஆப்பரேஷன் பண்ணா நெஞ்சுவலி பெரும்பாலும் நின்னுடும். சில வகை அடைப்புக்கு அது உயிரையே காப்பாத்தும். பக்கத்துக் கட்டில்ல இருந்தவருக்கு அந்த மாதிரி இருக்குமோன்னுதான் அனுப்பினேன். சும்மா படுத்திருக்கும்போதே வலி வருது, அது நல்லதில்ல. ஆனா ஆப்பரேஷன் டேபிள்லயே சிலர் போயிடுறாங்க. சிலருக்குப் பக்கவாதம் வருது. எலும்பு சேர மாசக்கணக்காகும். இன்னொண்ணு மாத்திரை. துடிப்பைக் குறைக்கிறது, ரத்தம் உறையாம பாத்துக்கிறது, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிறது. உங்களுக்கு அன்னிக்கு அப்புறம் வலியே இல்லேங்கிறீங்க. இதயம் நல்லாத்தான் இறைக்குது. இப்படி இருக்கிறவங்களுக்கு அறுத்தாலும் அறுக்காட்டியும் ஆயுசுல பெரிய வித்தியாசம் இல்லேன்னுதான் இப்பப் பாத்திருக்காங்க. சாரம் ஏற முடியாது, பீடி கூடாது. இன்னொரு அட்டாக் வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஆறு வாரம் போகட்டும், ஒரு டெஸ்ட் வச்சுப் பாக்கலாம்."

"அறுத்துட்டா சாரம் ஏறலாமா?" என்று அப்பா கேட்டார்.

"மூணு நாலு மாசம் கழிச்சு, ஒருவேளை."

"அப்ப வேணாங்க" என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு வழிகளின் நியாயமும் காதில் ஏறவில்லை. காசில்லாதவர்களுக்குச் சொல்லும் சமாதானமாகவே அது பட்டது. ரெஜினாவின் அப்பா சும்மா படுத்திருக்கும்போதே வலியில் துடித்ததை நானே பார்த்திருந்தேன். அதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நான் ஒரு காரியம் செய்தேன். உறையூர் எல்லையில் எங்களுக்கு ஒரு சின்ன மனை உண்டு. முப்பது வருஷம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிய அப்பா தனக்கென்று வாங்கியது. ஓரத்தில் ஒரு வரிசை செங்கல் அடுக்கி வைத்திருந்தார். அதை விற்றால் ஆப்பரேஷனுக்குச் சரியாக வரும். யாரையும் கேட்காமல் தரகரிடம் சொல்லி வைத்தேன். தரகர் ஆளைக் கூட்டிக்கொண்டு மனையைப் பார்க்கப் போனதை அம்மா யாரோ சொல்லிக் கேட்டாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள்.

அப்பா சத்தம் போடவில்லை. கஞ்சியை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"மனையை விக்கிறது எனக்காகவா, அந்தப் பொண்ணுக்காகவா?"

"எந்தப் பொண்ணு?"

"ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்துச்சே, அது."

"உங்க உயிருக்காகப்பா."

"சரி" என்றார். நம்பிய மாதிரி தெரியவில்லை. நானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

ரெஜினாவிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று குழாயிலும் அடைப்பாம். இடதுபக்கத்து முக்கியக் குழாயிலேயே பெரிய அடைப்பாம். ஆப்பரேஷன் முடிந்து, ஆறு நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தாராம். 'தும்மினால் தையல் பிரிந்துவிடுமோ என்று தலையணையைக் கட்டிக்கொள்கிறார்' என்று எழுதியிருந்தாள். நல்ல செய்திதான். மூன்று முறை படித்தேன். மூன்றாவது தடவையும் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆறு வாரம் கழித்து டெஸ்ட். தென்னூரிலேயே ஒரு மாடி கிளினிக்கில் டிரெட்மில் புதிதாக வந்திருந்தது. ஓடும் ரப்பர் பட்டை. அதன் மேல் நடக்க வேண்டும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். உழைப்பு கூடும்போது இதயத்துக்கு ரத்தம் போதுகிறதா என்று கூடவே ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஒயர்களோடு ஏறி நின்றார்.

"வலிச்சா உடனே சொல்லணும். தெரியுதா?" என்றார் டாக்டர்.

"சரிங்க."

அப்பா நடந்தார். ஏற்றம் கூடியது, நடந்தார். மறுபடியும் கூடியது. எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதத் தயங்கி இரண்டு நாள் இந்தக் காகிதத்தை மூடி வைத்திருந்தேன். டெஸ்ட் கெட்டுப்போக வேண்டும் என்று விரும்பினேன். கெட்டுப்போனால்தான் டாக்டர் லெட்டர் கொடுப்பார், மனையை விற்கலாம், மெட்ராஸ் போகலாம், ரெஜினாவுக்குச் சமமாக நானும் ஒரு கடிதம் எழுதலாம்.

பட்டை நின்றது. டாக்டர் நீளக் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "நல்லாருக்கு. கடைசியில கொஞ்சம் மாறுது, அவ்வளவுதான். வலி வந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப மாத்திரையே போதும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நெஞ்சில் ஏமாற்றம் கல் மாதிரி உட்கார்ந்தது.

மாடிப்படி இறங்கும்போது அம்மா முன்னால் போய்விட்டாள். அப்பா பாதிப் படியில் நின்றார். சட்டைப்பையில் எதையோ தேடுகிறவர் மாதிரி கையை விட்டு, கட்டை விரலால் நெஞ்சை அழுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வார்டிலும் அவர் இப்படிச் சட்டைப்பையில் தேடியதுண்டு. பைக்குள் எதுவும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"அப்பா."

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். "வலிக்குதுன்னு சொன்னா என்ன பண்ணுவ? மனையை வித்து மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போவ."

உறையூரில் எங்கள் தெரு முனையில் காலை ஆறு மணிக்குக் கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்காக நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவார். முட்டி வலி, இடுப்புப் பிடிப்பு என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னவனை அடுத்த நாள் கூப்பிட மாட்டார். அப்பா முப்பது வருஷம் அந்த முனையில் நின்றவர். யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்லீங்க' என்பதுதான் அவருக்குப் பழக்கம். டாக்டரும் அவருக்கு ஒரு மேஸ்திரிதான். இப்போது நானும் இன்னொரு மேஸ்திரி ஆகியிருந்தேன்.

மேலே போய் டாக்டரிடம் சொன்னால் நான் கேட்ட லெட்டர் கிடைக்கலாம். இரண்டு படி ஏறிவிட்டேன். எதற்காக ஏறுகிறோம் என்று எனக்கே தெரியாததால் அங்கேயே நின்றேன். சொல்லாமல் விடவும் முடியாது. வலியை மறைத்துக்கொண்டு மாத்திரையை நம்பியிருப்பவர் ஒருநாள் மறைத்தபடியே போய்விடுவார்.

"வாங்கப்பா, ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்" என்றேன். "மனையை விக்க மாட்டேன். தரகர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வார்டில் மறைத்தது, பட்டையில் மறைத்தது, நான் மனைக்குத் தரகர் பார்த்தது. ரெஜினாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் அப்பாவைத்தான் கேட்டார்.

"எப்ப வந்துச்சு?"

"கடைசியிலங்க. ஏத்தம் ஜாஸ்தியானப்ப."

"நின்னதும் போச்சா?"

"கொஞ்ச நேரத்துல. படியில இறங்கறப்ப லேசா வந்துச்சு. இப்ப இல்ல."

"வார்டுல?"

"பாத்ரூமுக்கு நடக்க விட்டப்பங்க. படுத்திருக்கும்போது வந்ததில்ல. நெஜமா."

டாக்டர் காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். "உழைப்பு அவ்வளவு கூடினப்புறம் வர்ற வலிக்கு மாத்திரை கேக்கும். முடிவு மாறல. ஆனா நீங்க வாயைத் திறக்கலேன்னா இந்த வைத்தியத்துக்கு அர்த்தமே இல்லைங்க. ஆப்பரேஷன் பண்ணவருக்குக் கத்தி வேலை செய்யும். உங்களுக்கு உங்க வாய்தான். எப்ப வந்துச்சு, எவ்வளவு நேரம், எத்தனை மாத்திரைன்னு பொண்ணுகிட்ட சொல்லணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தா, அன்னிக்கே என்கிட்ட வரணும். அப்ப நானே மெட்ராஸுக்கு எழுதுறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப மனை?" என்றார்.

"அதை அப்பப் பாத்துக்கலாங்க" என்றார் டாக்டர்.

முதல் மாதம் அப்பா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று, திருடியதை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி, "கலை, லேசா வலிச்சுது" என்றார். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "எவ்வளவு நேரம்?" என்றேன். மெட்ராஸ் என்ற சொல் என் வாயில் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, "ரெண்டு நிமிஷம்" என்றார்.

அடுத்த வருஷம் மனையில் அஸ்திவாரம் போட்டோம். இரண்டு அறைதான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரெஜினாவும் அவள் அப்பாவும் பார்க்க வந்தார்கள். அவர் நன்றாகத் தேறியிருந்தார். பட்டன் திறந்த சட்டைக்குள் தழும்பின் மேல்நுனி தெரிந்தது. எனக்குள் பழைய குறுகுறுப்பு வந்தது. அவர் செங்கல் குவியலைச் சுற்றி வேகமாக நடந்துவிட்டுத் தெருவுக்குப் போனார்.

"நல்லா நடக்கிறாரே" என்றேன்.

"நடக்கிறாரு. ராத்திரி தூங்கறதில்ல. என்னப்பா பண்ணுதுன்னு கேட்டா 'ஐ ஆம் ஃபைன்' தான். நர்ஸ்கிட்ட ஃபைன், அம்மாகிட்ட ஃபைன், என்கிட்டயும் ஃபைன்." ரெஜினா கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மூணு குழாயும் புதுசு. எனக்குதான் ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

அப்போது அப்பா கூப்பிட்டார். வரிசை சரியில்லை என்று செங்கல் ஒன்றை எடுத்துவைக்க எழுந்தவர், மறுபடி உட்கார்ந்திருந்தார்.

"கலை, இங்க வா. வலிக்குது. நடு நெஞ்சுல. எழுந்தப்ப வந்துச்சு."

மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். "ரெஜி, மணி பாரு" என்றேன். அவள் கடிகாரத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். ஆனால் முள்ளைப் பார்க்கவில்லை, என் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் அதை நான் என் முகத்தில் வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு வலிக்கிற நேரத்தில் எனக்கு வரக்கூடாத சந்தோஷம் வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதுகிறேன்.

"போயிடுச்சு" என்றார் அப்பா. "எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

ரெஜினா கடிகாரத்தைக் குனிந்து பார்த்தாள். எப்போது தொடங்கியது என்று அவள் கவனித்திருக்கவில்லை.

"மூணு நிமிஷம்பா" என்றேன் நான். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.